எங்கட ஊர் ஆருக்குக் கீழ? வீ.சீ. காலம் தொட்டு பிரதேச சபை வரைக்கும்

வேலியோரம் எழுதினது:

வணக்கம் எல்லாருக்கும். எங்கட சனசமூக நிலையத்துக்கு வாற வருசம் விழா, அதுக்கு ஒரு மலர் போடுவம் எண்டு பெடியள் நிக்கினம், ஊர் வரலாறு எழுதுற பொறுப்பு என்ர தலையில விழுந்திட்டுது. ஊர் யாழ்ப்பாணத்து வலிகாமத்துக்குள்ள ஒரு சின்ன ஊர்தான், ஒரு பிள்ளையார், ஒரு வைரவர், ரெண்டு பள்ளிக்கூடம், நாலு குளம் (அதில ரெண்டு தூந்து போச்சு), மிச்சம் முழுக்க வெங்காயமும் புகையிலையும்.

மற்ற ஊர் மலருகள் கொஞ்சம் எடுத்துப் பாத்தன். எல்லாம் ஒரே மாதிரித்தான் துவங்குது, அரசன் காலத்தில இன்னார் வந்து குடியேறினார், கோயில் கட்டினார், அதோட ஒரு பாய்ச்சல் பாய்ஞ்சு நேர இப்பத்தைய கனடா ஒன்றியத்துக்கு வந்து நிக்கினம். நடுவில இருக்கிற காலம் ஒருத்தரும் எழுதேல்லை. ஆர் இந்த றோட்டை வெட்டினது, பொதுக்கிணறு ஆற்ற காசில கட்டினது, சோலைவரி (வீட்டுவரி) ஆர் வந்து வாங்கினது, மதகு எப்ப போட்டது, உதுகளுக்குப் பதில் இல்லை. எங்கட ஒழுங்கையில கிழக்குப் பக்கம் ஒரு சபை, மேற்குப் பக்கம் இன்னொரு சபை, லைற் பத்தாட்டி எந்தக் கந்தோருக்குப் போறது எண்டு வேலிக்கு மேலால நிண்டு கதைக்கிறம். எப்பிடி இப்பிடி வந்தது? தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்கோ.

---

உறுதிக்கட்டு எழுதினது:

தம்பி முதல்ல வீட்டு அலுமாரியைத் திறந்து பேரன்ர காணி உறுதியை எடுங்கோ. நான் நொத்தாரிசு ஒருத்தரிட்ட கனகாலம் கிளாக்கரா இருந்தனான். உறுதியில அட்டவணை எண்டு கடைசிப் பக்கத்தில ஒரு பந்தி இருக்கும், அதில "இன்ன கோவிற்பற்று" எண்டு எழுதியிருக்கும். அந்தக் கோவிற்பற்று உங்கட பிள்ளையார் கோயில் இல்லை. 1619இல போத்துக்கீசன் யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச பிறகு கத்தோலிக்கத் தேவாலயத்துக்கு ஒரு பங்கு எண்டு ஊருகளைச் சேத்துப் பிரிச்ச பிரிவு அது. 1658இல டச்சுக்காரன் வந்து தேவாலயத்தைத் தன்ர சமயத்துக்கு மாத்தினானே தவிர பிரிவைக் கலைக்கேல்லை, அதை வச்சே தோம்பு எழுதினான், ஆற்ற காணி எவ்வளவு ஆர் என்ன வரி எண்டு. வெள்ளைக்காரன் வந்தான், அவனும் கலைக்கேல்லை. இண்டைக்கு நீங்கள் காணி வித்தாலும் அந்தப் பேர் உறுதியில வருது.

பேந்து காணிப் பேரைப் பாருங்கோ. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பேர், புளியடி வளவு, தாழங்காடு, மடத்தடி, கேணியடி எண்டு. எந்த இடத்தில மடம் இருந்தது, எந்தப் பக்கம் காடாக் கிடந்தது, எந்த இடம் பேந்து வெட்டிக் குடியேறினது எண்டு அந்தப் பேரிலயே கிடக்கு. மலருக்கு ஊர்ப்படம் கீறப் போறியள் எண்டால் அரசன் கதையை விட்டிட்டு ஒரு இருபது வீட்டு உறுதியை வாங்கிக் காணிப் பேரைக் குறியுங்கோ, ஊர் எந்தப் பக்கத்தால வளந்தது எண்டு தானாத் தெரியும். அளவு லாச்சம், குழி எண்டு கிடக்கும், பயப்பிடாதேங்கோ, பரப்பைத்தான் உறுதியில லாச்சம் வரகு எண்டு எழுதிறது, 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர்.

---

பழைய_ஓவசியர் எழுதினது:

இந்த இழையைப் பாத்திட்டுப் பேசாமல் போக மனம் வரேல்லை. நான் வீ.சீ. காலத்திலயே வேலைக்குச் சேந்தனான், பெடியளுக்கு வீ.சீ. எண்டால் என்னெண்டே தெரியாது, வில்லேஜ் கவுன்சில், கிராம சபை.

ஒழுங்கா அடியிலயிருந்து சொல்லுறன். வெள்ளைக்காரன் காலத்தில மேல கச்சேரியில (மாவட்டக் கந்தோரில) அரசாங்க ஏஜன்ற், டைக் துரை 1829இலயிருந்து 1867 மட்டும் இருந்தார், பேந்து துவைனம் துரை 1869இலயிருந்து 1896 மட்டும், உண்மையில சின்ன ராசாக்கள் மாதிரித்தான். அவைக்குக் கீழ மணியகாரன், பிறகு உடையார், அடியில விதானை. இதெல்லாம் வரி வாங்கவும் களவு பிடிக்கவும் ஆக்களைக் கணக்கெடுக்கவும் வச்ச ஆக்கள், ஊருக்கு றோட்டுப் போட வச்ச ஆக்கள் இல்லை. றோட்டுக்கு 1848இல ஒரு சட்டம் கொண்டு வந்தாங்கள், வளந்த ஆம்பிளை ஒவ்வொருத்தனும் வருசத்துக்கு ஆறு நாள் தெருவேலை செய்ய வேணும், இல்லாட்டிக் காசு கட்ட வேணும். உங்கட ஊர் பெரிய றோட்டுகள் சிலது அப்பிடி வேர்வையில வந்ததுதான்.

1871இல கிராமச் சங்கச் சட்டம். ஊர்ச் சனம் கூடி ஒரு கொமிற்றி வச்சு, வாய்க்கால், வேலி, ஆடு மாடு பயிருக்க போறது, கிணத்துச் சண்டை உதுகளைத் தாங்களே பாக்கலாம் எண்டு. கூட ஒரு கிராம நீதிமன்றும் குடுத்தாங்கள். 1924இல அதைத் திருத்தினாங்கள், பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமா தெரிவு செய்த ஆக்கள் வந்து, சேர்மன் வந்து, வட்டாரம் வந்து, வீ.சீ. எண்டு ஒரு உருவம் எடுத்தது. கொஞ்சம் பெரிய சந்தி, கடைத்தெரு இருந்த ஊருகளுக்கு 1946ஆம் ஆண்டுச் சட்டத்தோட பட்டின சபை, ரீ.சீ., சுன்னாகம் மானிப்பாய் மாதிரி. யாழ்ப்பாண ரவுணுக்கு 1949இல மாநகர சபை.

வீ.சீ.க்கு வருமானம் என்ன எண்டு கேட்டால் சிரிப்பியள். சந்தைக் குத்தகை, வண்டில் லைசென்ஸ், சைக்கிள் லைசென்ஸ், நாய் லைசென்ஸ், கொஞ்சம் அரசாங்கக் காசு. அந்தக் காசில என்ன செய்யிறது? ஆனாலும் செய்தவை. எப்பிடியெண்டால் சேர்மன் அதே ஊர் ஆள், காலமை கோயிலடியில நிப்பார், பின்னேரம் வாசிகசாலையில பேப்பர் பாப்பார், தப்ப ஏலாது. ஒரு ஒழுங்கையை அகட்ட வேணுமெண்டால் வீடு வீடாப் போய் "அண்ணை உங்கட கதியாலை ரெண்டு முழம் உள்ளுக்கு எடுங்கோ" எண்டு கேக்க வேணும். யாழ்ப்பாணத்தான் உயிரைக் குடுப்பான், வேலியைக் குடுக்க மாட்டான், அப்பிடிப்பட்ட சனத்திட்ட ஒரு சதம் நட்டஈடு குடுக்காமல் காணி வாங்கி றோட்டு வெட்டியிருக்கினம். இண்டைக்குக் கார் போற ஒழுங்கையள் கனக்க அந்த ரெண்டு முழத்தில வந்ததுதான்.

1981இல எல்லாம் முடிஞ்சுது. மாவட்ட அபிவிருத்தி சபை எண்டு 24 மாவட்டத்துக்கும் ஒண்டு ஒண்டு வச்சு, நாடு முழுக்க இருந்த ஐந்நூறுக்கு மேல வீ.சீ.யையும் எண்பதுக்கு மேல ரீ.சீ.யையும் இழுத்து மூடிப்போட்டாங்கள். அந்த மாவட்ட சபைத் தேர்தல் இஞ்ச 1981 யூன் 4இல நடந்தது, அதுக்குச் சரியா முன்னாலதான் எங்கட யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சது, அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பேந்து 1987இல 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம். பழைய வீ.சீ. கந்தோர் எல்லாம் "உப அலுவலகம்" எண்டு போட்டுக் கிடக்கு.

உங்கட ஒழுங்கை ரெண்டு சபைக்குள்ள வந்தது இதாலதான். வீ.சீ.யை ஊரைச் சுத்திக் கீறினவை, பிரதேச சபையை டீ.எஸ். (பிரதேச செயலாளர்) பிரிவு எல்லையோட ஒட்டிக் கீறிட்டினம், அந்தக் கோடு ஊருக்குள்ளால போனாலும் கீறினவைக்குக் கவலையில்லை.

---

சந்தைக்கிழவன் எழுதினது:

ஓவசியர் ஐயாவுக்குக் கோடி நன்றி. ரீ.சீ. எண்டு சொன்னியள், சுன்னாகச் சந்தை அந்தக் காலம் வலிகாமத்துக்கே நெஞ்சு. வாழைக்குலை, வெங்காயம், மரக்கறி எல்லாம் விடியப்பறம் வண்டிலில வரும். சந்தைக் குத்தகைக்கு ஏலம் கூறேக்க நடக்கிற சண்டையைப் பாக்கவே சனம் வரும்.

---

நெடுந்தீவான் எழுதினது:

நீங்கள் எல்லாரும் சபை தூரம் எல்லை பிழை எண்டு அழுறியள், எங்களைப் பாருங்கோ. ஒரு தீவு, ஒரு பிரதேச சபை, ஒரு பிரதேச செயலகம், ஆறு விதானைப் பிரிவு (கிராம அலுவலர் பிரிவு). ஊரும் சபையும் ஒரே எல்லை, எல்லைக்கு அங்கால கடல், வேலிச் சண்டைக்கு இடமே இல்லை 😄

வேலி எண்டதும்தான் ஞாபகம், எங்கட வேலி கதியால் இல்லை, பவளப்பாறைக் கல்லை அடுக்கின மதில், சீமெந்தும் இல்லை சுண்ணாம்பும் இல்லை, சும்மா அடுக்கினதுதான் காத்துக்கும் விழாமல் நிக்குது.

ஆனால் எல்லை சரியா இருந்தால் எல்லாம் சரி எண்டு நினையாதேங்கோ. எங்கட தீவில ஐயாயிரம் சனம் கூட இல்லை, வருமானம் எங்கயிருந்து வரும்? சீமெந்து ஒரு பை குறிகட்டுவானில ஏத்தி இஞ்ச இறக்க கூலி வேற. நல்ல தண்ணிக்கு எங்கட சனம் பட்ட பாடு தனிக் கதை. சனம் எப்பவோ பெயரத் துவங்கிட்டுது, கிளிநொச்சிப் பக்கம் போய்ப் பாருங்கோ, நெடுந்தீவு ஆக்கள் எத்தினை குடும்பம் எண்டு. அதால எனக்கு ஓவசியர் ஐயா சொல்லுற "சின்னனா இருந்தால் நல்லது" எண்ட கதையில முழு நம்பிக்கை இல்லை. சின்னன் எண்டால் கிட்ட இருக்கும், கையில ஒண்டும் இராது.

---

குறிச்சிப்பெடியன் எழுதினது:

வீ.சீ. காலம் பொற்காலம் எண்டு எழுதுறதுக்கு முதல் ஒரு விசயம். அந்தச் சேர்மன்மார் ஆர்? எந்தக் குறிச்சி? வீ.சீ. றோட்டு எந்தக் குறிச்சி மட்டும் வந்து நிண்டது? பொதுக்கிணறு எண்டு பேர், ஆர் அள்ளலாம் ஆர் அள்ள ஏலாது எண்டு ஊருக்கே தெரியும். எங்கட அப்பம்மா வாளியோட நிண்டு ஆரும் அள்ளி ஊத்தும் மட்டும் காத்திருந்தவ.

1957இல சாதி பாத்து ஒதுக்கிறதுக்கு எதிரா சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது, சட்டம் வந்த உடன கிணறு திறந்திட்டுதோ? 1966 ஒக்டோபர் 21இல சுன்னாகத்திலயிருந்து ஊர்வலம் போக வேண்டி வந்தது, 1968இல மாவிட்டபுரம் கோயில் வாசலில இருக்க வேண்டி வந்தது. தேத்தண்ணிக் கடையில சமமா ஒரு கிளாசில குடிக்கிறதுக்கே அடிபட்டுத்தான் வந்தது.

எங்கட ஆக்கள் கனபேருக்குக் காணி உறுதி எண்டு ஒண்டே இருக்கேல்லை, மற்ற ஆக்களின்ர காணியில குடியிருந்தவை, எழும்பு எண்டால் எழும்ப வேணும். உறுதிக்கட்டு ஐயா சொல்லுற மாதிரி உறுதியை மட்டும் வச்சு ஊர் வரலாறு எழுதினால் எங்கட சனம் அந்த ஊரில இருந்ததே தெரிய வராது. மலரில குறிச்சிக்குக் குறிச்சி போய் வயசான ஆக்களிட்டக் கேட்டு எழுதுங்கோ. ஆர் எந்தக் காணியில குடியிருந்தது, எப்ப எழுப்பினவை, பேந்து மாதிரிக் கிராமத்துக்குப் போனது ஆர், அதுவும் குடியேற்ற வரலாறுதான்.

---

வேலியோரம் எழுதினது:

குறிச்சிப்பெடியன், நியாயமான கதை. இது மலரில வரும், நான் பாத்துக்கொள்ளுறன். கொமிற்றியில ரெண்டு பேர் "உதுகளை ஏன் கிளறுவான்" எண்டுவினம், வரட்டும்.

ஓவசியர் ஐயா, விதானை எண்ட ஆள் எப்ப இல்லாமல் போனவர்? எங்கட அம்மா இப்பவும் ஜீ.எஸ்.ஐ (கிராம சேவகரை) விதானையார் எண்டுதான் கூப்பிடுறா.

---

பழைய_ஓவசியர் எழுதினது:

யாழ்ப்பாணம் முழுக்க அப்பிடித்தானே கூப்பிடுது தம்பி. 1963இல பரம்பரை மாதிரி வந்த விதானை முறையை எடுத்துப்போட்டு, சோதினை வச்சு எடுத்த கிராம சேவகர் வந்தினம், பிறகு அலுவலர் எண்டு பேர் மாத்தினது. இப்ப மாவட்டத்தில 15 டீ.எஸ். பிரிவு, 435 விதானைப் பிரிவு. சபை எண்டு பாத்தால் ஒரு மாநகரம், மூண்டு நகர சபை, 13 பிரதேச சபை, கூட்டினால் 17.

குறிச்சிப் பெடியன் சொன்னது சரி. நான் வேலை செய்த இடத்திலயும் கல்லு ஒரு சந்தியோட நிக்கும், அங்கால கிரவல், அதுக்கு அங்கால மணல். ஏன் எண்டு கேட்டால் வோட்டு எண்ணிக்கை எண்டு சொல்லுவினம். வோட்டு எண்ணிக்கை மட்டும் இல்லை எண்டு கேட்டவைக்கும் தெரியும் சொன்னவைக்கும் தெரியும்.

---

தாளையடிக்காத்து எழுதினது:

வடமராட்சி கிழக்கிலயிருந்து ஒரு குரல். நாங்கள் மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில் தாண்டி செம்பியன்பற்று, தாளையடி, மருதங்கேணி, உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு எண்டு கடலோட நீட்டுக்குக் கிடக்கிற ஊருகள். டீ.எஸ். கந்தோர் மருதங்கேணியில தனியா இருக்கு, ஆனால் சபை பருத்தித்துறைப் பிரதேச சபை. ஓவசியர் ஐயா சொன்ன "டீ.எஸ். எல்லையோட சபை" எண்ட கணக்கு எங்களிட்ட வந்து உடையுது, மாவட்டத்தில 15 டீ.எஸ். பிரிவு 13 பிரதேச சபை எண்டு பாத்தாலே தெரியும்.

ஆற்றயும் பிழை எண்டு சொல்லேல்லை, படத்தை எடுத்துப் பாருங்கோ, கட்டைக்காட்டில இருக்கிற மனுசன் ஒரு கட்டட அனுமதிக்கு எவ்வளவு தூரம் போக வேணும் எண்டு. 2004 மார்கழி 26 எங்கட கரை முழுக்க அள்ளிக்கொண்டு போனது, பேந்து வீட்டுத்திட்டம் எல்லாம் றோட்டுக்கு இங்கால உள்ளுக்கு வந்தது, ஊர் இருந்த இடம் ஒண்டு, இப்ப இருக்கிற இடம் ஒண்டு. அதுக்குப் பிறகு சண்டைக்க இடம்பெயர்ந்து திரும்ப வந்தம். எங்களுக்குத் தனிச் சபை வேணும் எண்டு கேக்கிறது கௌரவத்துக்கு இல்லை.

---

வட்டக்கச்சிப்பிள்ளை எழுதினது:

எனக்கு இதை வாசிக்க ஒரு பக்கம் சிரிப்பு. நீங்கள் ஊர் எப்ப துவங்கினது எண்டு தேடுறியள், எங்கட பக்கம் அதுக்கு ஒரு தேடலும் தேவையில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணி வந்த பிறகு, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தோட, யாழ்ப்பாணத்தில காணி காணாத குடும்பங்களுக்குப் பேர்மிற் காணி (அரசாங்க அனுமதிப் பத்திரக் காணி) குடுத்து குடியேத்தினது. வயலுக்கு ஒரு துண்டு, மேட்டுக்கு ஒரு துண்டு. ஊருக்குப் பழைய பேர் இருந்தாலும் சனம் சொல்லுறது வாய்க்கால் நம்பரும் வீட்டுத்திட்ட நம்பரும்தான். உங்களுக்குக் காணிக்குப் பேர், எங்களுக்குக் காணிக்கு இலக்கம்.

அப்பப்பா தீவுப் பக்கத்தால வந்தவர், பக்கத்து வீடு வடமராட்சி, அங்கால வீடு தென்மராட்சி, 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்தால வந்த ஆக்கள். அப்ப கிளிநொச்சியும் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்ளதான், 1984இலதான் தனி மாவட்டம். ஒருத்தருக்கும் பரம்பரைக் கோயில் இல்லை, முதல் கட்டினது சங்கக்கடையும் பள்ளிக்கூடமும்.

ஒண்டு மட்டும் சொல்லுறன், பேர்மிற் காணி எண்டால் பிரிச்சு எழுத ஏலாது, ஒரு பிள்ளைக்குத்தான் எழுதலாம். மற்றப் பிள்ளையள் கரையில கொட்டில் போட்டவை, பேந்து அதுவே ஒரு ஊராப் போச்சு. மலர் போடேக்க உங்கட ஊரிலயிருந்து கிளிநொச்சிக்குப் போன குடும்பங்களையும் சேருங்கோ, அவையும் உங்கட ஊர்தான்.

---

மார்க்கம்_மாமா எழுதினது:

எல்லாம் சரி, இவ்வளவு சட்டமும் சபையும் எதுக்கு? எங்கட ஊர் ஒன்றியம் இஞ்ச கனடாவில இருந்து காசு சேத்து ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டுது, சுடலைக்கு மதில் கட்டிக் குடுத்தம், வாசிகசாலைக்கு மேல் மாடி எழுப்பினம். சபையைப் பாத்திருந்தால் பேரப்பிள்ளை காலத்திலயும் நடவாது. சின்ன ஊருக்கு ஒன்றியம் காணும்.

---

பழைய_ஓவசியர் எழுதினது:

மார்க்கம் தம்பி, கோவிக்காதேங்கோ. நீங்கள் கொங்கிறீற் போட்டது ஆற்ற காணியில? ஒழுங்கை சபையின்ர வீதிப் பதிவில இருக்கோ? இல்லாட்டி நாளைக்கு ஒருத்தன் உறுதியைக் கொண்டு வந்து "இது என்ர காணி" எண்டு படலை போட்டால் உங்கட கொங்கிறீற்றோட சேத்துப் படலை. நான் கண்ணால பாத்திருக்கிறன். வெள்ளவாய்க்காலை மூடி மட்டம் உயத்திப் போட்ட கொங்கிறீற்றால மாரியில பக்கத்து வளவு கிணறு முழுக்கக் கலங்கின கதையும் இருக்கு. ஓவசியர் ஒருத்தன் மட்டம் பாத்திருந்தால் அது நடந்திராது.

அதோட ஒன்றியம் கோயிலடிக்கும் தங்கட ஒழுங்கைக்கும்தான் போடும். குறிச்சிப்பெடியன்ர ஒழுங்கைக்கு ஆர் அனுப்பிறது?

---

உறுதிக்கட்டு எழுதினது:

ஒரு சின்னச் சேர்க்கை. நீங்கள் வெளிநாட்டிலயிருந்து காணி வாங்கேக்க கட்டுற முத்திரைத் தீர்வை இருக்கெல்லோ, அது மாகாணம் ஊடாத் திரும்பி அந்தக் காணி இருக்கிற சபைக்குத்தான் வர வேணும், கோட்டுத் தண்டப்பணமும் அப்பிடித்தான். பிரதேச சபை எல்லா இடத்திலயும் சோலைவரி வாங்க ஏலாது, கட்டடம் நெருங்கின இடம் எண்டு பிரகடனம் செய்த பகுதியில மட்டும்தான். எண்டபடியால் தோட்டமும் பனங்காணியுமா இருக்கிற ஊருகளால சபைக்குச் சல்லி வராது, சந்திக்குக் கிட்ட இருக்கிற ஊர்தான் சோறு போடுது. வட்டாரக் கூட்டங்களில ஆற்ற குரல் பெருசு எண்டு இதிலயே விளங்கும்.

---

சந்தைக்கிழவன் எழுதினது:

தேர்தலையும் எழுதுங்கோ ராசா. 87இல சட்டம் வந்தும் இஞ்ச முதல் பிரதேச சபைத் தேர்தல் 1998 தை 29இலதான். பேந்து 2011. பேந்து 2018 மாசி 10, அதில இருந்துதான் வட்டாரம் 60 வீதம், விகிதாசாரம் 40 வீதம், பொம்பிளையளுக்கு 25 வீதம். 2023 பங்குனியோட காலம் முடிஞ்சு, 2025 வைகாசி 6 மட்டும் ஆள் இல்லை, செயலாளர்தான் எல்லாம். கணக்குப் பாத்தால் ஆக்கள் தெரிவு செய்த சபை இருந்த காலத்தை விட இல்லாத காலம்தான் கூட.

---

வேலியோரம் எழுதினது:

இதுதான் எனக்கு வேணுமெண்டு கிடந்தது. இப்ப ஓரளவு பிடிபட்டுது, எங்கட ஊர் கோவிற்பற்றில ஒரு மூலை, வீ.சீ.யில ஒரு முழு ஆள், பிரதேச சபையில ரெண்டு அரைத்துண்டு. மலரில வீ.சீ. பகுதியைத்தான் பெருசா எழுதப் போறன், குறிச்சி விசயத்தையும் மூடாமல். மார்க்கம் மாமா, உங்கட ஒன்றியத்துக்கும் ஒரு பக்கம் இருக்கு, கோவிக்காதேங்கோ.

ஓவசியர் ஐயா, பழைய வீ.சீ. பதிவுகள் எங்கயாவது மிஞ்சியிருக்குமோ? வலி வடக்குப் பக்கம் 1990இல எழும்பின ஊருகளில கட்டடமே மிஞ்சேல்லை, 95 இடப்பெயர்வில மற்ற இடங்களும் திறந்து கிடந்தது.

---

பழைய_ஓவசியர் எழுதினது:

உப அலுவலகத்துக்குப் போய் வீதிப் பதிவேடு கேளுங்கோ, கூட்டக் குறிப்புப் புத்தகம் எண்டு கேட்டால் இல்லை எண்டுதான் சொல்லுவினம், சோலைவரி லெட்ஜர் எண்டு கேளுங்கோ, அது காசு விசயம் எண்டு சிலவேளை வச்சிருப்பினம். லெட்ஜரில வீட்டுச் சொந்தக்காரர் பேர் ஒழுங்கை ஒழுங்கையா இருக்கும். பழைய மதகுகளில வருசம் பொறிச்ச கல்லு இருக்கும், பாசியைச் சுரண்டிப் பாருங்கோ. மாரி துவங்க முதல் போங்கோ, கந்தோரில உள்ள அலுமாரி எல்லாம் ஓட்டு ஒழுக்குக்குக் கீழதான் நிக்கிறது.

---

குறிச்சிப்பெடியன் எழுதினது:

வேலியோரம் அண்ணை, போகேக்க சொல்லுங்கோ, நானும் வாறன். என்னட்ட நல்ல கமராப் போன் இருக்கு, லெட்ஜரைப் பக்கம் பக்கமா எடுத்துத் தாறன். பதிலுக்கு எங்கட குறிச்சிக்கு ஒருக்கா வந்து அப்பம்மாவோட கதையுங்கோ, அவ பின்னேரத்திலதான் நல்லாக் கதைப்பா.